பாடசாலை வேலியிலிருந்து இருபது மீற்றர்

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதிப் பாடசாலைகளில் தமிழ்ப் பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் வேலையை நான் பதினைந்து ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஆசிரியர் சந்திப்பு, விசேட கல்விக் கூட்டம், புதிதாக வந்த குடும்பத்தின் பதிவு என்று பலவற்றுக்கும் அழைப்பார்கள். அவையெல்லாம் முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்டவை. காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "இன்றைக்கே வர முடியுமா?" என்று கேட்டால், பெரும்பாலும் அது ஒரு பிள்ளையின் பையில் ஏதோ அகப்பட்டதைப் பற்றியதாகவே இருக்கும்.

கடந்த பனிக்காலத்தில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. அந்தக் குடும்பத்தை எவரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன். உப அதிபரின் மேசையில், விளிம்பை அழுத்தி மூடும் சிறிய பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது. அதற்குள், பாடப்புத்தகத்தில் வரிகளுக்கு நிறமடிக்கும் பேனாவின் அளவில், இளநீல நிறத்தில் ஒரு வேப் கருவி, அதாவது எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்கருவி, இருந்தது. தாய் பக்டரி வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். விரல்களுக்கு மேல் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை. பையைப் பார்த்துவிட்டு, இந்தப் பேனாவுக்காகவா வேலையை விட்டு வரச் சொன்னார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். உப அதிபர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "இதற்குள் இருப்பது கஞ்சா எண்ணெய். இன்று காலை வாஷ்ரூமில் வைத்து உங்கள் மகனிடமிருந்து எடுத்திருக்கிறார்கள்."

அவர் வடமராட்சிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் கரையில் கஞ்சா என்ற சொல்லைக் கேட்டால் நினைவுக்கு வருபவை, இரவில் படகில் வந்து இறங்கும் கேரளக் கஞ்சாப் பொதிகளும், கடற்படையும், மறுநாள் பத்திரிகையில் வரும் படமும்தான். "பொலிசுக்குச் சொல்லிப்போட்டினமோ, தங்கச்சி?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. பக்கத்தில் இருந்த மகனுக்குப் பதினைந்து வயது. தாய் கேட்டது அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் பதிலை ஆங்கிலத்தில் சொன்னான். அதையும் நான்தான் தாய்க்குச் சொல்ல வேண்டியிருந்தது: "இது இங்கே கடையில் சட்டப்படி விற்பதுதானே, எல்லோரும் ஏன் இப்படிப் பதறுகிறீர்கள் என்று கேட்கிறார்."

தாய் சிறையை நினைத்தார்; மகன் அனுமதியை நினைத்தான். இரண்டுமே பிழை. அந்த நாளிலிருந்து, சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கனடாவில் வளர்ந்தவர்கள் தங்கள் விருப்பத்துக்குக் கஞ்சா வாங்கிப் பயன்படுத்துவது 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி முதல் சட்டபூர்வமானது. வயதெல்லையை மாகாணங்கள் தாமே உயர்த்திக்கொள்ளலாம்: அல்பேர்ட்டாவில் 18, கியூபெக்கில் 2020இலிருந்து 21, ஒன்ராறியோவில் 19. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்குப் பதினேழு அல்லது பதினெட்டு வயதுதான் இருக்கும். ஆகவே ஒன்ராறியோவின் உயர்நிலைப் பாடசாலையொன்றில் படிக்கும் ஏறக்குறைய எந்த மாணவருக்கும் இந்தச் சட்டம் எதையும் அனுமதிக்கவில்லை. 19 வயதுக்குட்பட்டவர் சிறிதளவு வைத்திருந்து அகப்பட்டால், அது மாகாணச் சட்டத்தின் கீழ் வருகிற குற்றம். 200 டொலர் வரை அபராதம் விதிக்கலாம், அல்லது இளையோருக்கான விழிப்புணர்வு நிகழ்ச்சியொன்றுக்கு அனுப்பலாம். ஐந்து கிராமுக்கு மேல் போனால்தான் மத்திய சட்டத்தின் கீழ் இளங்குற்றவாளிகளுக்கான விசாரணை வரை போக இடமுண்டு. மறுபுறம், பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவருக்குக் கஞ்சாவை விற்கும் அல்லது கொடுக்கும் வளர்ந்தவருக்கு 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பிள்ளைகளைப் பொறுத்தவரை சட்டம் தளர்ந்துவிட்டது என்று நினைக்கும் பெற்றோர், இந்தக் கடைசி விடயத்தைக் கேட்கும்போது எப்போதும் திகைத்துப்போகிறார்கள்.

இவ்வளவு இருந்தும், 2018க்குப் பிறகு பெரியவர்களிடமிருந்து ஒன்று பறிபோய்விட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் பிள்ளை "ஏன் கூடாது?" என்று கேட்டால், "அது குற்றம்" என்று சொல்லிவிட்டு நாங்கள் எழுந்து போகலாம். காரணம் சொல்லத் தேவைப்படவில்லை. எனவே எங்களில் பலர் அந்தக் காரணத்தைக் கற்றுக்கொள்ளவும் இல்லை. இன்று, அப்பம் வாங்கப் போகும் பிளாசாவிலேயே, மருந்துக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் கஞ்சாக் கடை இருக்கிறது. ஒன்ராறியோவில் 2019 ஏப்ரல் முதலாம் திகதி திறக்க அனுமதி பெற்ற கடைகள் 25 மட்டுமே. சில ஆண்டுகளுக்குள் அவை ஆயிரத்து ஐந்நூறையும் தாண்டிவிட்டன. ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணாடிக் கதவைக் கடந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "அது குற்றம்" என்று மட்டும் சொன்னால், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவுக்குத்தான் அந்தப் பிள்ளை வரும்.

பாடசாலையைச் சுற்றிச் சட்டம் போட்டிருக்கும் கோடுகள் இரண்டு. கஞ்சாக் கடை ஒரு பாடசாலையிலிருந்து குறைந்தது 150 மீற்றர் தொலைவில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. பாடசாலை வளவிலும், அதன் எல்லையிலிருந்து 20 மீற்றருக்குள் உள்ள பொது இடங்களிலும் எவரும், எந்த வயதினராயினும், கஞ்சா புகைக்கவோ வேப் இழுக்கவோ கூடாது என்பது மற்றது. மீறினால் முதல் முறை 1,000 டொலர் வரை அபராதம். இந்த இரண்டாவது விதியை நான் மதிக்கிறேன். ஆனால் நான் போகும் பாடசாலையொன்றில், வேலி முடியும் இடத்திலிருந்து நடைபாதையில் முப்பது காலடி எடுத்து வைத்தால் பேருந்துத் தரிப்பிடம் வந்துவிடும். மதிய இடைவேளையில் பிள்ளைகள் கூடுவது அங்கேதான். அவர்கள் இருபது மீற்றரை அளந்து வைத்திருக்கிறார்கள்.

நகர எல்லைகளும் அப்படித்தான். ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். சட்டம் வந்தபோது தங்கள் எல்லைக்குள் கஞ்சாக் கடைகள் வேண்டாம் என்று மார்க்கம் நகரசபை முடிவெடுத்தது, ரொறன்ரோ ஏற்றுக்கொண்டது. எங்கள் குடும்பங்கள் அந்த வீதியின் இரு பக்கங்களிலும் வாழ்கின்றன. மார்க்கத்தில் வீடு வாங்கியதால் பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று ஒரு தந்தை என்னிடம் மனநிறைவுடன் சொன்னார். வீதியைக் கடப்பதற்குப் பாதசாரி விளக்கு பச்சையாகும் வரை காத்திருந்தால் போதும் என்பதை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

அதேவேளை, சட்டம் வந்தவுடன் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் கஞ்சாவில் விழுந்துவிட்டார்கள் என்று சமூக வானொலிகளில் பேசப்படுவதையும் நான் ஏற்கவில்லை. ஒன்ராறியோவில் ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையான மாணவர்களிடம் போதைப்பொருள் பயன்பாடு பற்றிய கணக்கெடுப்பு 1977 முதல் நடந்துவருகிறது. கடந்த ஓராண்டில் ஒரு தடவையேனும் கஞ்சா பயன்படுத்தியவர்கள் 1999இல் 28 சதவீதம்; சட்டம் வருவதற்கு முந்திய 2017இல் 19; வந்த பிறகு 2019இல் 22; 2021இல் 17. கடைசி எண் பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தபோது எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வெள்ளம் எதுவும் வரவில்லை. ஆனால் ஐந்தில் ஒரு பிள்ளை என்பது, முப்பது பேர் இருக்கும் வகுப்பறையில் ஆறு பிள்ளைகள்.

எண்ணிக்கையைவிட என்னைக் கலங்க வைப்பது, பொருளின் வடிவம் மாறியிருப்பதுதான். 1980களில் கஞ்சாவில் மயக்கம் தரும் டிஎச்சி என்ற பொருள் சராசரியாக 3 சதவீதம் இருந்தது. இன்று கடையில் விற்கும் உலர்ந்த கஞ்சாவில் அது 15 சதவீதமளவில் இருக்கிறது, வேப் கருவியில் ஊற்றும் செறிவாக்கிய எண்ணெயிலோ 80 சதவீதத்தையும் தாண்டலாம். சுருட்டிப் புகைத்தால் உடுப்பில் மணம் நிற்கும். வகுப்புக்குள் நுழைந்தவுடன் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். வேப் இழுத்தால் சில நிமிடங்களில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இந்தப் பிரச்சினை பாடசாலையின் பின்புறத்திலிருந்து வாஷ்ரூமுக்குள் வந்திருக்கிறது.

என் மகள் பத்தாம் வகுப்பில் படித்தபோது, காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் மாலையில் அப்படியே திரும்பி வரும். மாதக்கணக்கில் அதைக் கவனித்துத் திட்டியிருக்கிறேன். ஒருநாள்தான் சொன்னாள்: தண்ணீர் குடித்தால் வாஷ்ரூம் போக வேண்டும், போனால் உள்ளே எப்போதும் ஐந்தாறு பேர் புகை நடுவில் நிற்பார்கள், கதவைத் திறந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஆகவே வீட்டுக்கு வரும் வரை அடக்கிக்கொள்கிறாள். ஒரு நாளும் அந்தக் கருவியைத் தொடாத பிள்ளை, காலை எட்டரை மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை தொண்டை வறண்டு இருந்திருக்கிறாள். பாடசாலையில் போதைப்பொருள் இருக்கக் கூடாது என்று நாங்கள் பேசும்போது, பயன்படுத்தும் பிள்ளையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். போத்தலைத் திறக்காத பிள்ளைக்கும் அந்த வாஷ்ரூம் சொந்தமானது.

2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், வேப் உணரும் கருவிகளுக்கும் ஏனைய பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குமாகப் பாடசாலைகளுக்கு 3 கோடி டொலர் ஒதுக்குவதாக ஒன்ராறியோ அரசு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் முதல், மாணவர் ஒருவரிடம் வேப் கருவியோ கஞ்சாவோ அகப்பட்டால் அதை உடனே ஒப்படைக்க வேண்டும், பெற்றோருக்கும் உடனே அறிவிக்க வேண்டும் என்பது மாகாண நடத்தை விதியில் சேர்க்கப்பட்டது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். முன்பு பெற்றோருக்குச் செய்தி போவது அதிபரின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது; தமிழ் பேசும் வீட்டுக்கு அழைப்பது சிரமம் என்று விட்டுவிட்ட சந்தர்ப்பங்களையும் நான் கண்டிருக்கிறேன். ஆனால் கூரையில் பொருத்திய கருவி, புகை வந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்லும். அதன் பிறகு ஒரு மனிதர் மாடிப்படி ஏறி ஓட வேண்டும், ஓடிப் போய் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உண்ணும் கஞ்சாவை எந்தக் கருவியும் உணராது. இங்கே நான் எங்கள் வீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். சொக்லேட், ஜெல்லி இனிப்பு போன்ற வடிவங்களில் கஞ்சாவை விற்க 2019 ஒக்டோபரில் அனுமதி வந்தது. சட்டபூர்வமான பொதியில் மொத்தம் 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு மேல் இருக்க முடியாது. பிள்ளைகள் இலகுவில் திறக்க முடியாத உறை, சிவப்பு நிற எச்சரிக்கைக் குறி எல்லாம் கட்டாயம். இணையத்தில் திருட்டுத்தனமாக விற்கப்படும் பொதிகளோ, பிரபலமான இனிப்பு உறைகளை அப்படியே பார்த்துச் செய்தவை. பல நூறு மில்லிகிராம் என்று அவற்றின் மேலேயே அச்சிட்டிருக்கும். புகையைப்போல இது உடனே ஏறாது. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் இருக்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று பிள்ளை இன்னொன்றைச் சாப்பிடும். பிறகு வகுப்பின் நடுவில் நெஞ்சு படபடத்து, எழுந்து நிற்க முடியாமல் போகும். பாதிப்பு பன்னிரண்டு மணி நேரம் வரையும் நீடிக்கலாம்.

இந்த இனிப்புகள் பாடசாலைக்கு வருவது பெரும்பாலும் கடையிலிருந்து நேராக அல்ல. 19 வயதுக்குட்பட்டவர் கடைக்குள் நுழையவே முடியாது. அவை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வருகின்றன. இருபத்திரண்டு வயது அண்ணன் சட்டப்படி வாங்கி வைத்தது, பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர் பொதுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது, நித்திரைக்கென்று சித்தப்பா வாங்கியது. ஒன்ராறியோவில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாவால் பாதிக்கப்பட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட சம்பவங்களை ஒட்டாவா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள்: 2016 முதல் 2021 வரை 522. உண்ணும் கஞ்சா கடைகளுக்கு வந்த பிறகு, மாதச் சராசரி முன்பிருந்ததைப்போல ஒன்பது மடங்காகியது. இனிப்பு வடிவங்களை விற்க இடம்கொடாத கியூபெக்கில், கஞ்சாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் தொகை அதே வேகத்தில் உயரவில்லை. பூட்டு உள்ள சிறிய பெட்டி இருபது டொலருக்குக் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அப்படி எவரும் இல்லை என்று சொல்லும் பெற்றோரிடம், பேஸ்மென்டில் இருப்பவரிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று நான் இப்போது தயங்காமல் சொல்கிறேன்.

அடுத்தது தண்டனை. கஞ்சாவை வைத்திருந்தாலோ அதன் மயக்கத்தில் இருந்தாலோ, மாணவரை இடைநிறுத்துவதைப் பற்றி அதிபர் ஆலோசிக்க வேண்டும் என்கிறது ஒன்ராறியோக் கல்விச் சட்டம். ஒரு நாளிலிருந்து இருபது பாடசாலை நாட்கள் வரை. ஆலோசிக்க வேண்டும் என்பதுதான் சொல். பிள்ளையின் வயது, வரலாறு, சூழ்நிலை எல்லாவற்றையும் கருத்திலெடுக்கும் கடமையும் கூடவே இருக்கிறது. ஆனால் சட்டப்படி உரிய வயதை எட்டாத இன்னொருவருக்குக் கஞ்சா கொடுத்தால், விசாரணை முடியும் வரை கட்டாய இடைநிறுத்தம். அது பாடசாலையிலிருந்து நீக்குவது வரை போகலாம். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். தன் கருவியை நண்பனிடம் நீட்டி "ஒரு இழுவை" என்று சொல்வது அவர்களுக்குச் சுவிங்கம் பகிர்வது போன்றது.

இடைநிறுத்தம் ஐந்து நாட்களைத் தாண்டினால்தான் பிள்ளைக்கு மாற்றுக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைக் கல்விச்சபை வழங்க வேண்டும். மூன்று நாள், ஐந்து நாள் என்று அனுப்பப்படும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் மட்டுமே போகும். எங்கள் வீடுகளில் அந்த நாட்கள் எப்படிக் கழியும் என்பது எனக்குத் தெரியும். தாய் காலை வேலை, தந்தை இரவு வேலை. ஒருவர் வீட்டில் இல்லை, மற்றவர் நித்திரையில். பிள்ளை தன் அறையில், தன் தொலைபேசியோடு, எந்த மேற்பார்வையும் இல்லாமல் இருக்கும். கஞ்சாவிலிருந்து தூரமாக்க வேண்டும் என்று எண்ணி, அதை மிக இலகுவாகப் பயன்படுத்தக்கூடிய இடத்துக்கே அனுப்புகிறோம். அந்த நாட்களைப் பாடசாலைக்குள்ளேயே, தனி அறையில், சமூகப் பணியாளர் ஒருவருடன் கழிக்கச் செய்யும் ஏற்பாட்டை நான் ஒரு பாடசாலையில் கண்டிருக்கிறேன். அதற்கு ஆளும் பணமும் வேண்டும். கூரைக் கருவிக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அதற்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிடிபடுவதற்கு முன்பே செய்யக்கூடியதும் உண்டு. மொன்றியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பற்றிசியா கொன்றொட் உருவாக்கிய ஒரு முறையை, மொன்றியல் பகுதியில் 31 உயர்நிலைப் பாடசாலைகளில் நடந்த ஆய்வொன்றில் சோதித்துப் பார்த்தார்கள். அதில் போதைப்பொருளைக் காட்டி மிரட்டும் பேச்சு இல்லை. ஏழாம் வகுப்பு வயதில் பிள்ளைகளின் இயல்பைக் கேள்விகளால் அறிந்து, நம்பிக்கையின்மை, பதற்றம், அவசரபுத்தி, பரபரப்பைத் தேடுதல் என்ற நான்கில் எது மேலோங்கியிருக்கிறதோ, அதே இயல்புள்ளவர்களைச் சிறு குழுவாக அமர்த்தி, தலா ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு அமர்வுகள் நடத்துகிறார்கள். தன் பதற்றத்தை வேறு எப்படிக் கையாளலாம் என்று பிள்ளை அங்கே பழகுகிறது. பின்வந்த ஆண்டுகளில், இந்த அமர்வுகள் நடந்த பாடசாலைகளின் பிள்ளைகளிடையே போதைப் பழக்கம் நோயாக முற்றும் வாய்ப்பு, அவை நடக்காத பாடசாலைகளைவிட மெதுவாகவே வளர்ந்தது.

அந்த இளநீலக் கருவிக்கு உரிய பையனுக்கு மூன்று நாள் இடைநிறுத்தம் கிடைத்தது. நான்காம் நாள் காலை, திரும்பச் சேர்க்கும் சந்திப்பில், உப அதிபர் அவனிடம் ஏன் என்று கேட்டார். இரவில் நித்திரை வருவதில்லை, ஒன்பதாம் வகுப்புத் தொடங்கியதிலிருந்தே வருவதில்லை, இதை இழுத்தால் வருகிறது என்றான். தாயிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அம்மா ஏற்கனவே நித்திரையில்லாமல் வேலைக்குப் போகிறார் என்றான். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தாய் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் குடும்ப மருத்துவரிடம் நேரம் எடுத்துக் கொடுத்தது பாடசாலைச் சமூகப் பணியாளர்தான்.

இந்தச் சந்திப்புக்குப் பிறகு, பெற்றோருக்கு அனுப்பும் தமிழ்க் கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். "உங்கள் பிள்ளையிடம் சட்டவிரோதப் பொருள் காணப்பட்டது" என்று இருந்தது. பொருள் என்றால் பெற்றோர் எதை நினைப்பார்கள்? திருட்டுச் சாமானையா, ஆயுதத்தையா? பாடசாலையில் தரும் விளக்கத் தாளிலோ "பொழுதுபோக்குக் கஞ்சா" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். படம் பார்ப்பதுபோல, பந்து விளையாடுவதுபோல அதுவும் ஒரு பொழுதுபோக்கு என்று எந்தத் தாய் விளங்கிக்கொள்வார்? இரண்டையும் மாற்றி எழுதித் தரலாமா என்று உப அதிபரிடம் கேட்டேன், ஒத்துக்கொண்டார். நான் போகும் இரண்டு பாடசாலைகளில் இப்போது போகும் கடிதம் இதுதான்:

"இன்று உங்கள் பிள்ளையிடம் கஞ்சா எண்ணெய் உள்ள வேப் கருவி ஒன்று இருந்தது. அதை வாங்கி வைத்திருக்கிறோம். ஒன்ராறியோவில் வளர்ந்தவர்கள் கஞ்சா வாங்கலாம். 19 வயதுக்குட்பட்டவர்கள் வாங்கவோ வைத்திருக்கவோ பயன்படுத்தவோ முடியாது. பதின்ம வயதில் அது நினைவாற்றலையும் கவனத்தையும் பாதிக்கும். இது எங்கிருந்து கிடைத்தது, எதற்காகத் தேவைப்பட்டது என்று பிள்ளையிடம் அமைதியாகக் கேளுங்கள். வீட்டில் எவராவது கஞ்சா வைத்திருந்தால் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். நாளை காலை 8:15க்குப் பாடசாலைக்கு வாருங்கள். வேலை காரணமாக முடியாவிட்டால் உங்களுக்கு ஏற்ற நேரத்தைச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வருவார். அதற்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை."